மாமா என்று எழுதிய மனு

கைலான் அண்ணி செத்து நாலு வருஷம் ஆகிறது. எங்கள் லியூஜுவாங் ஊரில் இன்றைக்கும் யாராவது ஆற்றங்கரையில் குப்பை கொட்டப் போனால் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு வாய் அவளுக்கு. அப்படி ஒரு கோபம். அந்தக் கோபத்தில் பாதி ஷாங்வான்காரர்கள் மேல் என்றால் மீதிப் பாதி எங்கள் மேல். அந்த மீதிப் பாதியும் நியாயம்தான் என்று சொல்வதற்காகவே வாயைத் திறக்கிறேன்.

அவள் புருஷன் ஷுவான்ஜு என் பெரியப்பா மகன். அவனுக்கு முன் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட்டதால், இவனாவது நிற்கட்டும் என்று ‘தூணில் கட்டினவன்’ என்று பொருள்பட அந்தப் பேரை வைத்தார்கள். தூணில் கட்டினவன் மாதிரியே இருந்தான். இழுத்த பக்கம் வரமாட்டான், ஓடவும் மாட்டான், வாயும் திறக்க மாட்டான். கைலானுக்கு நேர் எதிர். அவள் பேரில் உள்ள ‘கை’ என்ற எழுத்துக்கு எங்கள் பாஷையில் ‘மாற்று’ என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால், இதோடு நிறுத்தி அடுத்ததை மாற்றிக் கொடு என்று சாமிக்குச் சொன்ன பேர். பிறந்த அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், அப்புறம் என்னிடம் சிரித்த முகத்தை எதிர்பார்த்தால் எப்படி என்று கேட்பாள்.

அவள் வடக்கே குவான்சென் மலையில் பிறந்தவள். எங்கள் ஃபென் ஆறும் அங்கேதான் பிறக்கிறது. ஒரு பாறைக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பொங்குமாம். சின்னப் பெண்கள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓர் எட்டில் தாண்டிவிடுவார்களாம். 1961 பஞ்சத்தில், அவளுக்குப் பதினாறு வயதாக இருக்கும்போது, அவள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தண்ணீர் ஓடுகிற வழியிலேயே தெற்கே நடந்தார். ஆற்றை விடாமல் போனால் சோறு இருக்கிற ஊர் வரும் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்த வழி. மலை இடுக்கில் ஆயிரம் பேர் அணைக்கு மண் சுமந்துகொண்டிருந்த இடத்தைத் தாண்டினார்கள். தையுவான் நகரத்தை ஓரமாகச் சுற்றினார்கள். லிங்ஷி பக்கம் இரண்டு கரையிலும் மலை வந்து ஆற்றை நெரிக்கும், அதையும் தாண்டி எங்கள் சமவெளியில் இறங்கினார்கள். இருபத்தாறு நாள். இந்த மாகாணத்தில் பாதிப் பேர் இந்த ஒரே ஆற்றைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கிறோம். ஆனால் அதன் முழு நீளத்தில் பாதிக்கு மேல் காலால் நடந்து பார்த்த ஆள் எங்கள் ஊரில் அவள் ஒருத்திதான்.

என் பெரியப்பா வீட்டு வாசலில் அவள் அப்பா அவளை இரண்டு சின்ன மூட்டை மக்காச்சோளத்துக்குக் கொடுத்தார். மூட்டைகளைக் கழியின் இரண்டு முனையிலும் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டார். அவள் அழவில்லை. நேரே ஆற்றுக்குப் போய், எங்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தானே வருகிறாய், உனக்கு மட்டும் திரும்பிப் போகிற வேலை இல்லை பார் என்று ஆற்றைத் திட்டினாள். நான் அப்போது பத்து வயதுக்காரன், கேட்டுக்கொண்டு நின்றேன்.

எங்கள் ஊருக்கு மேலே, ஆறு வருகிற பக்கம் வடக்கில், ஷாங்வான். கீழே, தெற்கில், ஹேதி. நடந்தால் இரண்டுக்கும் முக்கால் மணி நேரம். எங்கள் அம்மனுக்குப் பிறந்த வீடு ஷாங்வான், புகுந்த வீடு லியூஜுவாங். அம்மன் தன் மகளைக் கட்டிக்கொடுத்தது ஹேதியில். ஆகவே ஷாங்வானில் இருக்கிற எல்லாரும் எங்களுக்கு மாமா. நாங்கள் எல்லாரும் ஹேதிக்காரர்களுக்கு மாமா, எங்கள் வீட்டுப் பெண்கள் அவர்களுக்கு மாமி. இதில் வயது செல்லாது. எழுபது வயதுக் கிழவர் சந்தையில் ஷாங்வான் பொடியன் ஒருவனைக் கண்டாலும் வண்டியை நிறுத்தி, மாமா சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும். மாமன் ஊர்க்காரரைப் பேர் சொல்லி அழைக்கக் கூடாது. அவர்கள் மேல் வழக்குப் போடக் கூடாது. உங்கள் பக்கம் மாமன் மகள் முறைப்பெண், எங்கள் பக்கம் அவள் கூடப் பிறந்தவள் மாதிரி, அதனால் பெண் எடுக்கவும் கூடாது.

கல்யாணமான மறு வசந்தத்தில், மூன்றாம் மாதத் திருவிழாவில், ஷாங்வான்காரர்கள் அம்மனைப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். ஒருவர் தோளில் ஏழு வயதுப் பையன் உட்கார்ந்திருந்தான், மூக்குச் சளி மேலுதடு வரை இறங்கியிருந்தது. பெரியம்மா புது மருமகளைத் தள்ளி, மாமாவைக் கும்பிடு என்றாள். கைலான் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“இதுவா மாமா? முதல்ல இதோட மூக்கைத் துடைங்க.”

சொன்னதோடு நிற்காமல் தன் சட்டைக் கையாலேயே அவன் மூக்கை அழுத்தித் துடைத்துவிட்டாள். பையன் வீறிட்டான். அன்று பெரியப்பா ஷாங்வான்காரர்களிடம் நாலு தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். அந்தப் பையன் பேர் காங் மான்துன். நிறைந்த குதிர் என்று அர்த்தம். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இவன் திரும்ப வருவான்.

நடுவில் பத்துப் பதினைந்து வருஷம் சாமி கும்பிடவே அரசாங்கம் தடை போட்டதால் அம்மன் பல்லக்கைப் பரணில் போட்டு வைக்கும்படி ஆனது. திருவிழா நின்றதே தவிர மாமா நிற்கவில்லை.

1981இல் ஊர்ப் பொதுவில் இருந்த நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்தார்கள். சீட்டில் ஷுவான்ஜுவுக்கு விழுந்தது ஆற்றோரத்துப் பள்ளம். நாணலும் தவளையும் தவிர ஒன்றும் இல்லை. ஊரே சிரித்தது. அண்ணி சிரித்தவர்களை வீடு வாரியாகத் திட்டிவிட்டு, நாணலை வேரோடு பிடுங்கி, ஆற்றிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, தாமரை போட்டாள். மூன்றாம் வருஷம் அவள் குளத்துக் கிழங்குக்குச் சந்தையில் ஆள் காத்திருந்தது. தாமரைக் கிழங்கைக் குளிர்காலத்தில்தான் தோண்ட வேண்டும். மேலே ஐஸை உடைத்துவிட்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி, காலால் தடவிக் கிழங்கைக் கண்டுபிடித்து, ஒடியாமல் எடுக்க வேண்டும். ஒடிந்தால் கிழங்குக்குள் நீளமாக ஓடுகிற துளைக்குள் சேறு போய்விடும். அண்ணி எடுத்தது ஒன்றும் ஒடிந்ததில்லை. வெளியே வந்ததும் உறைந்த காலைத் தேய்த்துக்கொண்டே எல்லாரையும் திட்டுவாள், ஆனால் கிழங்கை மட்டும் பிறந்த குழந்தையைக் கழுவுகிற மாதிரி கழுவுவாள். இரண்டு மூட்டைச் சோளத்துக்கு வந்தவளுக்கு இந்த ஊரில் சொந்தம் என்று இருந்தது அந்தக் குளம் ஒன்றுதான். பிள்ளை பிறக்கவில்லை.

1989இல் ஷாங்வானில் சூளை போட்டார்கள். நிலக்கரியை மூடிச் சுட்டுக் கல்கரி எடுக்கிற சூளை. முதலில் நாலு, பிறகு முப்பது. கரியைக் கழுவின தண்ணீர், எரிகிற கல்கரி மேல் ஊற்றி அணைத்த தண்ணீர் எல்லாம் ஒரே வாய்க்காலில் விழுந்து ஆற்றுக்கு வந்தது. சூளை முதலாளி அந்த மூக்கொழுகி மான்துன்தான். தோல் சட்டையும் கையில் கண்ணாடிக் குவளையில் தேநீருமாக அலைந்துகொண்டிருந்தான்.

முதலில் மீன் போயிற்று. பிறகு எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் மேலே எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிந்தது. தினைக் கஞ்சி தார் மணத்தது. 1992 குளிர்காலத்தில் அண்ணி ஐஸை உடைத்துக்கொண்டு இறங்கி முதல் கிழங்கை எடுத்தாள். ஒடியவில்லை. ஆனாலும் துளைக்குள் மை ஊற்றின மாதிரி கறுப்பு. சந்தையில் ஒவ்வொருவரும் எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். ஏழு கூடையையும் திரும்பக் கொண்டுவந்து ஊர்த் தலைவர் வீட்டு வாசலில் கவிழ்த்தாள்.

தலைவர் ஃபான் சாங்லூ நல்ல மனிதர்தான். எங்களுக்குத் தூரத்துப் பங்காளி. அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசினார்.

“மாமா வீட்டு அடுப்பு புகையுதுன்னு மருமகன் போய்ச் சண்டை போடறதா, கைலான்?”

“புகை இல்ல. மாமன் மூத்திரம் பெய்யறான். மருமகனுங்க எல்லாம் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறீங்க.”

அவள் விடவில்லை. மனுவுக்குக் கைரேகை வாங்க மை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கட்டைவிரல் வைக்காத வீட்டில் அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரையே ஒரு கிண்ணம் மொண்டு, குடி, குடித்துக் காட்டு, நான் போய்விடுகிறேன் என்று உட்கார்ந்துகொண்டாள். இருநூற்றுப் பதினாலு விரல் சேர்ந்தது. என் விரலும் அதில் உண்டு. பள்ளிக்கூடத்து வாத்தியார் தூரிகையால் அழகாக மனு எழுதினார். அவரே பஸ் ஏறி மாவட்ட அலுவலகத்தில் கொடுத்துவிட்டும் வந்தார்.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. வாத்தியார் எல்லார் முன்னாலும் நின்று படித்தார். இது உறவினர்களுக்குள் ஏற்பட்ட வீட்டுத் தண்ணீர்த் தகராறு என்று தெரிகிறது, குடும்பத்துப் பெரியவர்கள் மாமாவோடு உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளவும், இதற்கெல்லாம் அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்று எழுதிக் கீழே முத்திரை குத்தியிருந்தார்கள்.

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. வாத்தியார்தான் முகம் வெளுத்துப் போய் மனுவின் நகலை எடுத்துப் பார்த்தார். ‘எங்கள் மதிப்புக்குரிய மேல்வீட்டு மாமா கழிவுத் தண்ணீரைத் திறந்துவிடுவதால்’ என்று ஆரம்பித்திருந்தார். முதலிலிருந்து முடிவு வரை மாமாதான். மான்துன் பேர் இல்லை, ஷாங்வான் என்ற ஊர்ப் பேர்கூட இல்லை. பேரைச் சொல்லக் கூடாதே. எங்கள் பக்கத்தில் படித்தால் எவனுக்கும் புரியும். மாவட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். இருநூற்றுப் பதினாலு பேரும் ஒரே மாமாவுடைய அக்காள் தங்கைப் பிள்ளைகள், ஒரே முற்றத்தில் சாக்கடைக்குச் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். அண்ணி எழுந்து வாத்தியார் கையிலிருந்த நகலைப் பிடுங்கினாள். அவளுக்கு எழுத்து தெரியாது. மாமா என்பது எந்த எழுத்து, காட்டு என்றாள். அவர் காட்டினார். பதினோரு இடத்தில் இருந்தது. பதினோரு இடத்திலும் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிக் காகிதத்தை ஓட்டையாக்கினாள்.

“இருநூத்திப் பதினாலு விரலையும் இந்த ஒரு எழுத்து தின்னுட்டுது. மாத்தி எழுது. காங் மான்துன்னு எழுது.”

வாத்தியார் இரண்டு கையையும் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். பேரை எழுதிக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும், அந்தப் பாவம் தனக்கு வேண்டாம் என்றார். தலைவர் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அண்ணி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். அன்று அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மறுநாள் காலையில் அவள் ஷாங்வானுக்குக் கிளம்பினாள். ஷுவான்ஜு என் வீட்டுக் கதவைத் தட்டி, நீயும் வா என்று மட்டும் சொன்னான். அவள் முன்னே, நாங்கள் இரண்டு பேரும் திருடன் மாதிரி பின்னே. சூளை மேட்டில் நூறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். மஞ்சள் புகையில் ஆள் முகம் தெரியவில்லை. அவள் வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

“காங் மான்துன்.”

எங்கள் ஊர் வாயிலிருந்து தங்கள் ஆள் ஒருவர் பேர் வெளியே வந்ததை ஷாங்வான் அதுவரை கேட்டதில்லை. முதல் தடவை சிலர் திரும்பினார்கள். இரண்டாம் தடவை மண்வெட்டிகள் நின்றன. மூன்றாம் தடவை அவன் தேநீர்க் குவளையோடு வந்தான். காது வரை சிவந்திருந்தது.

“மாமான்னு கூப்பிட்டா எனக்குக் கேக்காதா?”

“இருநூத்திப் பதினாலு பேர் கூப்பிட்டோம். கேக்கல.”

“இத்தனை பேர் முன்னால...”

“உன் மூக்கை நான் துடைச்சு விட்டிருக்கேன், மான்துன். இப்ப உனக்கு ஒழுகறது மூக்கு இல்ல. இதை நீயே துடை.”

யாரோ ஒரு கூலிக்காரன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புதான் அவனை உடைத்தது. அவன் ஷுவான்ஜு பக்கம் திரும்பி, இன்னொரு தடவை உன் பெண்டாட்டி என் பேரைச் சொல்லாமல் இருக்கட்டும், நான் குழாய் போடுகிறேன், உங்கள் ஊரில் ஒரு சொட்டு விழாது என்றான். சொன்னபடி செய்தான். அதைச் சொல்ல வேண்டும்.

1993 வசந்தத்தில் சிமெண்ட் குழாய் வந்து இறங்கியது. வாய்க்காலில் தொடங்கி, எங்கள் கரையை ஒட்டி, அண்ணி குளத்தின் வரப்பைத் தொட்டுக்கொண்டு, எங்கள் எல்லைக் கல் வரை. பள்ளம் வெட்டினது நாங்கள். நான் நாலு நாள் வெட்டினேன். மான்துன் தினமும் கறி போட்ட நூடுல்ஸ் அனுப்பினான், வினிகரும் தாராளம். தலைவர் சாங்லூ வெற்றி பெற்ற தளபதி மாதிரி நடந்தார். எல்லைக் கல்லுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று ஒருவனும் கேட்கவில்லை. தெரியாமலா? அப்பால் இருப்பது ஹேதி. எங்களை மாமா என்று கூப்பிடுகிற ஹேதி. அதுவரை எங்கள் கரையில் படிந்து பாதி தெளிந்து அங்கே போன தண்ணீர் இனி அப்படியே அங்கேதான் விழும்.

அண்ணிக்கும் தெரியும். அதை அவள் ஒருநாளும் மறைக்கவில்லை. குளத்தைப் பார்த்தேன், வாயை மூடிக்கொண்டேன், ஒரு வருஷம் மூடிக்கொண்டேன் என்று பிறகு சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய சேற்றை வழித்துப் போட்டுவிட்டுப் புதுக் கிழங்கு நட்டாள். அந்தக் கோடையில் குளம் நிறையப் பூ. பன்னிரண்டாம் மாதம் எடுத்த கிழங்கு பல் மாதிரி வெள்ளை.

அதைத்தான் ஹேதிச் சந்தைக்குக் கொண்டுபோனாள். போயிருக்க வேண்டாம், எங்கள் ஊர்ச் சந்தையே இருந்தது. ஏன் போனாள் என்று நான் கேட்டபோது, கால் போச்சு, போனேன் என்றாள். அங்கே யூ என்ற எண்பது வயதுக் கிழவர், ஹேதியில் எல்லாருக்கும் மூத்தவர், அவளைக் கண்டதும் தன் முக்காலியைத் துடைத்து, உட்காருங்க மாமி என்று போட்டார். ஒரு கிழங்கை எடுத்துத் துளையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தார். எவ்வளவு வெள்ளை, எங்கள் குளத்தில் இந்த வருஷம் எல்லாம் கறுப்பாகிவிட்டது, கிணறும் நாறுகிறது என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை வரவில்லை என்கிற மாதிரி சொன்னார்.

“மேல எழுதிக் கொடுக்க வேண்டியதுதானே?” என்று இவள் கேட்டாள்.

“யார் மேல மாமி? அது மாமா ஊர்க் குழாய் இல்லையா. மருமகன் போய் மாமனைக் கேள்வி கேக்கறதா?”

அண்ணி கூடையை அங்கேயே போட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வந்து மூன்று நாள் யாரையும் திட்டவில்லை. நான்தான் பெண்டாட்டியிடம், புயலுக்கு முன்னால் காற்று நிற்கிறது, நான் அந்தப் பக்கம் போகவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தேன்.

இரண்டாம் மாதம் இருபதாம் தேதி வாக்கில், தாமரை நடுகிற சமயம், விதைக் கிழங்கையெல்லாம் குளத்துச் சேற்றில் படுக்க வைத்து முடித்தாள். முடித்த கையோடு, நல்ல வெயிலில், ஊர் முழுக்க வயலில் இருக்கும்போது, கொத்துக்கோடாலியை எடுத்துக்கொண்டு போய்க் குழாயை உடைத்தாள். வரப்பைத் தொடுகிற இடத்தில், சரியாகத் தன் குளத்துக்குத் தலைமாட்டில். சத்தம் கேட்டு நாங்கள் ஓடினபோது ஓட்டை பானை வாய் அகலம் ஆகியிருந்தது. கறுப்புத் தண்ணீர் புது நடவு மேல் பரவிக் குளத்தை மூடிக்கொண்டே போயிற்று, வழிந்து எங்கள் கரை ஆற்றுக்குள் இறங்கிற்று.

தலைவருக்கு மூச்சு இரைத்தது. “பைத்தியமா உனக்கு? உன் குளம்தான் முதல்ல போகுது.”

“ஆமா. என் குளம்.”

“ஊர்க் கிணறும் போகும்.”

“போகட்டும். நாறினாத்தானே உங்களுக்கு மூக்கு இருக்கறதே ஞாபகம் வருது. இப்பப் போய் எழுதுங்க. பேரைப் போட்டு எழுதுங்க.”

ஒருவர் அவளைச் சனியன் என்றார். இன்னொருவர், பிறத்தியாள், மலைக்காரி, சோளத்துக்கு வாங்கின புத்தி என்றார். என் சித்தி மகன்தான் அவன், பேர் வேண்டாம், செத்துவிட்டான். அண்ணி காதில் போட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கொத்துக்கோடாலியைக் கழுவிக்கொண்டிருந்தாள், கறுப்புத் தண்ணீரில்.

தலைவர் என்னையும் இன்னும் இரண்டு பேரையும் சிமெண்ட் மூட்டையோடு மறுநாள் அனுப்பினார். அவள் முக்காலியைப் போட்டு ஓட்டைக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தரையில் ஷுவான்ஜு, புகைக் குழாயோடு. என்னைப் பார்த்தும் அவன் நகரவில்லை. தூணில் கட்டினவன் என்றேனே, அன்றைக்குத்தான் அவனே தூண் மாதிரி இருந்தான்.

முப்பத்து மூன்று வருஷமாக அண்ணி என்னைக் கொழுந்தனே என்றுதான் கூப்பிடுவாள். எவ்வளவு திட்டினாலும் அது மாறாது. அன்று முழுப் பேரையும் சொன்னாள்.

“ஃபான் லாய்ஷுன். பள்ளம் வெட்டினது நீ. நாலு நாள் கறி நூடுல்ஸ் தின்னே. இதை அடைக்கறதும் நீதானா?”

பேர் சொல்லிக் கூப்பிட்டால் ஏன் உறவு அறுந்துபோகும் என்று எங்கள் பெரியவர்கள் பயந்தார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. நான் மூட்டையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே போட்டேன். மற்ற இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு வேறெங்கோ வேலை இருக்கிற மாதிரி போய்விட்டார்கள். அந்த மூட்டை மழையில் நனைந்து கல்லாகி இன்னும் அங்கேயே கிடக்கிறது. ஆடு மேய்க்கிறவர்கள் அதன் மேல் உட்காருகிறார்கள்.

பத்து நாள் அந்த இடத்தை விடாமல் புருஷனும் அவளும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். ஏழாம் நாளே வாத்தியார் வீட்டுக் கிணறு நாறிவிட்டது. எட்டாம் நாள் இருட்டுவதற்கு முன்னால் அவரே காகிதமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு குளத்து வரப்புக்கு வந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். முதல் பேர் ஷாங்வான் காங் மான்துன், சூளை வைத்தவன். இரண்டாவது லியூஜுவாங் ஃபான் சாங்லூ, குழாயை ஒப்புக்கொண்டவர். மூன்றாவது கைலான், தெரிந்தும் ஒரு வருஷம் பேசாமல் இருந்தவள். அவள் பேரை எழுத வாத்தியார் தயங்கினார். எழுது, இல்லாவிட்டால் உன் பேரையும் சேர்ப்பேன் என்றாளாம். அதற்குக் கீழே பள்ளம் வெட்டின பதினேழு பேர். மாமா என்ற எழுத்து ஓர் இடத்திலும் இல்லை.

எங்கள் ஊரில் அதில் விரல் வைக்க ஆள் இல்லை. யார் வைப்பார்கள், குற்றவாளிப் பட்டியலில் அவரவர் அப்பனும் அண்ணனும் இருந்தால்.

மூன்றாம் மாதம் மூன்றாம் நாள் வந்தது. அம்மனை மகள் வீட்டுக்கு அழைத்துப்போக ஹேதிக்காரர்கள் முரசும் பல்லக்குமாக வந்தார்கள். முறைப்படி முதலில் தலைவர் வீட்டில்தான் நிற்க வேண்டும், அங்கே மேஜை போட்டு ரொட்டியும் தேநீரும் வைத்திருந்தோம். பல்லக்கு அங்கே நிற்காமல் நேரே போய் அண்ணி வீட்டு வாசலில் நின்றது. தங்கள் எல்லையில் குழாய் கொட்டுவது நின்ற காரணம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முன்னால் யூ கிழவர். கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“மாமி, கதவைத் திறங்க. கும்பிட வந்திருக்கோம்.”

“இங்க மாமி கிடையாது” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. “மாமி உங்க கிணத்துல ஒரு வருஷம் விஷத்தைக் கொட்டினா. அவளைக் கும்பிடவா வந்தீங்க? போங்க.”

“மாமி...”

“பேரைச் சொல்லு. பேரைச் சொன்னாத்தான் கதவு திறக்கும்.”

முரசுக்காரர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். கிழவர் ஹேதிக்காரர்களைப் பார்த்தார், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். எண்பது வருஷத்தில் லியூஜுவாங் ஆள் ஒருவர் பேரையும் அவர் வாய் சொன்னதில்லை. எத்தனையோ தடவை உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கடைசியில், பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடுகிறவன் மாதிரி, சின்னக் குரலில், “கைலான்” என்றார்.

“கேக்கல.”

“கைலான்.”

தாழ் விழுகிற சத்தம் கேட்டது. கதவைத் திறந்தாள். ஒரு கையில் மனு, ஒரு கையில் மை டப்பா. கிழவர் கும்பிடக் குனிந்தார். குனிகிற நேரமா இது, விரலை நீட்டு என்றாள். வாத்தியார் பட்டியலை உரக்கப் படித்தார். ஒவ்வொரு பேருக்கும் ஹேதிக்காரர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள், அடி விழுகிற மாதிரி. ஆனாலும் ஒருவர் பின் ஒருவராக வந்து வைத்தார்கள். பல்லக்கு தூக்கினவர்கள்கூட அதைத் தரையில் இறக்கிவிட்டு வந்தார்கள்.

அந்த மனுவால் சூளை அணைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு ஏழு வருஷம் ஆயிற்று, ஐந்து தடவை எழுதினோம், அவள் அத்தனை தடவையும் பஸ் ஏறினாள். ஷாங்வான்காரர்கள் இன்றுவரை திருவிழாவுக்கு எங்களைக் கூப்பிடுவதில்லை. ஆறு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. அந்தக் குளத்தில் தாமரை திரும்ப வரவில்லை, நாணல்தான் நிற்கிறது. அதற்கும் எங்களைத்தான் திட்டினாள்.

அன்று வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் தள்ளி நின்று வேடிக்கை பார்த்தார்கள். தலைவர் வீட்டுக்குள் போய்விட்டார். ஹேதியின் கடைசி ஆள் வைத்து முடித்ததும் அண்ணி எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள், யாரையும் கூப்பிடவில்லை. பட்டியலில் என் பேர் எட்டாவது என்று வாத்தியார் படித்தபோது எண்ணிக்கொண்டிருந்தேன். நான் போனேன். என் பேர் எது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, வாத்தியார்தான் காட்டினார். அந்தப் பேருக்கு எதிரான மனுவில் என் விரலை வைத்தேன்.

சிவப்பு மை காயவில்லை. நான் ஏதாவது சொல்லலாம் என்று நின்றேன். அவள் டப்பாவை மூடிவிட்டாள்.

“கையைத் துடைச்சுக்கிட்டுப் போ, கொழுந்தனே. கதவுல வைக்காதே, இப்பத்தான் கழுவினேன்.”